சூடேறினால் செல்ஃப் எடுக்காத 1972 கார்வெட்

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் 1972 செவ்ரலே கார்வெட் ஒன்றை வாங்கினார். 350 கன அங்குல எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். சென்ற குளிர்காலத்தில் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு ஹெடர் குழாய்கள் (புகையை வெளியேற்றும் மெல்லிய தனித்தனிக் குழாய்கள்) மாட்டினார். காலையில் சாவியைத் தொட்டாலே வண்டி எடுக்கிறது. வெயிலில் அரை மணி நேரம் ஓட்டி, பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கப் பார்த்தால் ‘டிக்’ என்று ஒரே ஒரு மெல்லிய சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. முக்கால் மணி காத்திருந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. இதற்குள் இரண்டு செல்ஃப் மோட்டார்களும் அதிக சி.சி.ஏ. (குளிரில் கரண்ட் தரும் திறன்) கொண்ட ஒரு பேட்டரியும் மாற்றியாகிவிட்டது. ஒரு மெக்கானிக் “பெட்ரோல் கொதிக்கிறது” என்கிறார், இன்னொருவர் “ஃபோர்டு சாலினாய்டு போடுங்கள்” என்கிறார். சீட்டுக்குப் பின்னால் ஒரு சுத்தியலும் நீளமான ஸ்க்ரூ டிரைவரும் எப்போதும் இருக்கின்றன. மனைவி இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். “மூன்றாவது செல்ஃப் வாங்கவா, ஹெடரைக் கழற்றவா, இல்லை வண்டியையே விற்றுவிடவா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் பாதி விடை இருக்கிறது: “சாவியைத் திருப்பும்போது டாஷ்போர்டு விளக்குகள் மங்குவதுகூட இல்லை.” செல்ஃப் மோட்டார் இறுகி நின்றாலோ பேட்டரி இறங்கியிருந்தாலோ விளக்குகள் நன்றாக மங்கியிருக்கும். மங்கவில்லை என்றால் பெரிய கரண்ட் எதுவும் ஓடவே இல்லை. அதாவது செல்ஃப் மேல் உட்கார்ந்திருக்கும் சாலினாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் முழுதாக இழுக்கவில்லை, மோட்டாருக்குப் போகும் தொடர்பு மூடவில்லை. இரண்டு முறை நீங்கள் மாற்றிய மோட்டார், தன் வேலையைச் செய்ய வாய்ப்பே கிடைக்காமல் நின்றிருக்கிறது.

பெட்ரோல் கொதிக்கிறது என்ற கருத்தையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். கார்புரேட்டர் வண்டிகளில் அது உண்மையான தொல்லைதான், எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னும் அதிகம். ஆனால் அப்போது எஞ்சின் சுற்றும், பிடிக்காது. உங்கள் எஞ்சின் சுற்றவே இல்லை. செல்ஃப் திரும்பாததற்குப் பெட்ரோல் பொறுப்பாக முடியாது.

பேட்டரி விஷயமும் அப்படியே. சி.சி.ஏ. என்பது மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் பேட்டரி எவ்வளவு ஆம்பியர் தரும் என்பதற்கான அளவு. 40 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டிக்கு அந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. பேட்டரி நல்லதாக இருக்கட்டும், ஆனால் உங்கள் சிக்கல் அதன் பெட்டிக்குள் இல்லை.

வெப்பம் அங்கே என்ன செய்கிறது?

சாலினாய்டுக்குள் இரண்டு செப்புச் சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று இழுக்கும் சுற்று, இன்னொன்று பிடித்துவைக்கும் சுற்று. சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து ஒரு இரும்புத் தண்டை உள்ளே இழுக்கின்றன. அந்தத் தண்டு ஒரு ஸ்பிரிங்கை எதிர்த்து நகர்ந்து, செல்ஃபின் சிறு பற்சக்கரத்தை ஃபிளைவீல் பல்லோடு சேர்க்க வேண்டும். பயணத்தின் கடைசியில் ஒரு செப்புத் தட்டை அழுத்தி மோட்டாருக்கு கரண்ட் விட வேண்டும். இழுப்பதற்குத்தான் பலம் வேண்டும், பிடித்துவைக்கக் கொஞ்சம் போதும்.

செப்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் இருந்த சுற்று 120 டிகிரிக்குப் போனால் தடை கிட்டத்தட்ட 39 சதவீதம் ஏறிவிடும், கரண்ட் முக்கால் பங்குக்கும் கீழே இறங்கும். காந்த இழுவிசை கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே இழுக்கும் பலம் சுமார் பாதியாகிவிடும். உங்களுடையது போன்ற ‘ஸ்மால் பிளாக்’ வகை செவ்ரலே எஞ்சினில் செல்ஃப் இருப்பது வலது பக்கம் அடியில், எக்ஸாஸ்டை ஒட்டி. ஓடும்போது காற்று வீசிக்கொண்டிருக்கும். எஞ்சினை அணைத்ததும் காற்றும் நிற்கும், கூலன்ட் ஓட்டமும் நிற்கும், ஆனால் குழாயின் சூடு எங்கேயும் போகாது. அதனால்தான் சாலினாய்டு அதிகமாகச் சூடாவது ஓடும்போது அல்ல, நிறுத்திய பிறகு. பங்கில் பத்து நிமிடம் நிற்பது அதற்கு மிக மோசமான நேரம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதே எஞ்சினும் இதே இடத்தில் செல்ஃபும் கொண்டு லட்சக்கணக்கான செவ்ரலேக்கள் புதிதில் ஒழுங்காகவே எடுத்தன. 12 வோல்ட் வந்தால் சூடான சாலினாய்டும் இழுத்துவிடும். உங்களுக்கு 12 வந்து சேரவில்லை என்பதுதான் என் சந்தேகம். குளிர்ந்திருக்கும்போது எட்டரை வோல்ட்டிலும் சமாளிக்கிறது, சூடானதும் முடியவில்லை. ஹெடர் புதிதாகக் குறை எதையும் உண்டாக்கவில்லை. ஐம்பது வயதான ஒயரிங்கில் ஏற்கெனவே இருந்த குறையை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே.

அந்த வோல்ட் எங்கே தொலைகிறது?

உங்கள் வண்டியில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து தடித்த கேபிள் முன்னால் செல்ஃப் வரை வருகிறது. செல்ஃபின் பெரிய போல்ட்டிலிருந்து கிளம்பும் ஒயர், எஞ்சின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவரில் இருக்கும் பெரிய கனெக்டர் வழியாக உள்ளே போய், ஸ்டீயரிங் தண்டின் மேல் உள்ள இக்னிஷன் சுவிட்சுக்கு ஏறி, கியர் ‘பார்க்’கிலோ நியூட்ரலிலோ இருக்கிறதா என்று பார்க்கும் பாதுகாப்பு சுவிட்சைக் கடந்து, மறுபடி அதே கனெக்டர் வழியாக வெளியே வந்து, ஊதா நிற ஒயராக சாலினாய்டின் ‘எஸ்’ முனைக்கு இறங்குகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு தொடர்பும் கால் வோல்ட், அரை வோல்ட் என்று தின்றாலே போதும்.

இன்னொன்று கார்வெட்டுக்கே உரியது. இதன் உடல் ஃபைபர் கிளாஸ். தகர உடல் கொண்ட வண்டியில் எர்த் எப்படியோ சுற்றிவந்து சேர்ந்துவிடும். இங்கே சேசிஸ் சட்டமும், சட்டத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டையும்தான் வழி. ஹெடர் மாட்டக் கழற்றிய எர்த் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்ட வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. உங்கள் தொல்லை ஹெடருக்குப் பிறகு தொடங்கியதால் முதலில் கையால் தடவிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மூன்றாவது செல்ஃபுக்கு முன் நான்கு அளவுகள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி குளிர்ந்திருக்கும்போதே கிளிப் போட்ட நீள ஒயர்களை ‘எஸ்’ முனையிலும் செல்ஃபின் உடம்பிலும் மாட்டி, எக்ஸாஸ்டில் படாமல் மேலே கொண்டுவந்துவிடுங்கள். சாவி திரும்பும்போது யாரும் வண்டிக்கு அடியில் இருக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியர் ‘பார்க்’கில் இருக்கட்டும்.

முதல் அளவு பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. அடுத்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே, செல்ஃப் சுற்றும் நேரத்தில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அதேபோல் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் செல்ஃபின் உடம்புக்கும் நடுவே 0.3க்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை. இந்த மூன்றையும் குளிர்ந்த வண்டியிலேயே பார்த்துவிடலாம், சுற்றும்போது பார்த்தால்தான் அர்த்தம் உண்டு. எஞ்சின் பிடித்துவிடாமல் இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

நான்காவதுதான் தீர்ப்பு சொல்லும். வண்டியை நன்றாக ஓட்டி, நிறுத்தி, அது எடுக்காமல் அடம்பிடிக்கும் நேரத்தில், சாவியைத் திருப்பிப் பிடித்தபடி பேட்டரி பாசிட்டிவுக்கும் ‘எஸ்’ முனைக்கும் நடுவே அளவெடுங்கள். செவ்ரலேயின் அந்தக் காலத்துப் பழுதுபார்ப்புக் கையேட்டிலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. இழப்பு 3.5 வோல்ட்டைத் தாண்டினால் குறை ஒயரிங்கில். தாண்டாவிட்டால் ‘எஸ்’ முனைக்கும் செல்ஃப் உடம்புக்கும் நடுவே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். சூடேறாத சாலினாய்டு 7.7 வோல்ட்டில் இழுத்தாக வேண்டும், சூடாக இருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும் என்கிறது கையேடு. சூட்டில் சாலினாய்டு சோம்பும் என்பது தயாரித்தவர்களுக்கே தெரிந்த செய்திதான்.

மீட்டர் பிடிக்கக் கை கூசினால் வேறொரு வழி உண்டு. உதிரிபாகக் கடைகளில் இரண்டு கிளிப்பும் ஒரு பொத்தானும் கொண்ட ரிமோட் ஸ்டார்ட்டர் சுவிட்ச் விற்கிறார்கள். வண்டி மக்கர் செய்யும் நேரத்தில் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ‘எஸ்’ முனைக்கு அதன் வழியாக நேராக கரண்ட் கொடுங்கள். செல்ஃப் துள்ளிச் சுற்றினால் மோட்டாரும் சாலினாய்டும் நிரபராதிகள். நேராகக் கொடுத்தும் ‘டொக்’ என்று கனமாக ஒலித்து நின்றால் சாலினாய்டின் செப்புத் தட்டு கருகியிருக்கலாம், எர்த் கெட்டிருக்கலாம்.

சுற்றுகிறது, ஆனால் சூட்டில் மட்டும் முக்கி முக்கிச் சுற்றுகிறது என்றால் அது வேறு கதை. காயில் ஒயரைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். அப்போது சுலபமாகச் சுற்றினால் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) அளவுக்கு மீறி முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. ஹெடர் மாட்டியவர்கள் அத்தோடு டைமிங்கையும் கொஞ்சம் ஏற்றிவிடுவது வழக்கம்.

ஃபோர்டு சாலினாய்டு வேண்டுமா?

உங்கள் இரண்டாவது மெக்கானிக் சொன்னது பழைய வைத்தியம், பலருக்குப் பலித்த வைத்தியமும்கூட. ஃபோர்டு வண்டிகளில் சாலினாய்டு செல்ஃபை விட்டுத் தள்ளி, மட்கார்டின் உட்புறம் இருக்கும். அதை வாங்கி செவ்ரலேயில் மாட்டுவதற்கு இரண்டு முறைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் வம்பு.

தடித்த பேட்டரி கேபிளையே ஃபோர்டு சாலினாய்டு வழியாக விட்டு, செல்ஃபில் பெரிய போல்ட்டையும் ‘எஸ்’ முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது ஒரு முறை. செய்வது சுலபம். சாவியை விட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும். அது அந்தத் துண்டு ஒயர் வழியாகத் திரும்ப ‘எஸ்’ முனைக்குப் போய், பற்சக்கரத்தை ஒரு கணம் விடாமல் பிடித்துவைக்கும். நிரந்தரக் காந்தம் வைத்த புது வகை செல்ஃபில் இது இன்னும் மோசம். எஞ்சின் பிடித்த பிறகும் ‘கிர்ர்’ என்று இழுபட்டால் இதுதான் காரணம். எனக்கு இந்த முறை பிடிப்பதில்லை.

தடித்த கேபிளைத் தொடாமல் விட்டு, ‘எஸ்’ முனைக்கு மட்டும் நல்ல கரண்ட் கொடுப்பது மற்ற முறை. இதற்குப் பெரிய ஃபோர்டு சாலினாய்டுகூட வேண்டாம், 40 ஆம்பியர் தாங்கும் சாதாரண நான்கு கால் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போதும். ஊதா ஒயரை ரிலேயின் 86ஆம் காலில் கொடுங்கள், 85 எர்த்துக்கு. 30ஆம் காலுக்கு பேட்டரி லைனிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தடித்த ஒயர், 87லிருந்து ‘எஸ்’ முனைக்கு இன்னொன்று. அமெரிக்க அளவில் 10 அல்லது 12 கேஜ் ஒயர் சரியாக இருக்கும். பழைய ஒயரிங் இனி ரிலேயைத் தூண்டினால் போதும், சுமை தூக்க வேண்டாம். ஊதா ஒயர் நியூட்ரல் சுவிட்சைத் தாண்டியே வருவதால் அந்தப் பாதுகாப்பும் கெடாது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஃபோர்டு சாலினாய்டேதான் வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. அதன் சுற்றுக்கு எர்த், அது உட்கார்ந்திருக்கும் தகடு வழியாகவே கிடைக்கும். உங்கள் வண்டியில் மட்கார்டு ஃபைபர் கிளாஸ். அதில் திருகிவிட்டு “புது சாலினாய்டும் வேலை செய்யவில்லை” என்று இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். தகட்டிலிருந்து சட்டத்துக்குத் தனி எர்த் ஒயர் இழுங்கள்.

ரிலே போடுவதற்கு முன் தீத்தடுப்புச் சுவர்க் கனெக்டரைக் கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அங்கே சூடு பிறக்கிறது என்று பொருள். ரிலே செல்ஃபின் சுமையைத்தான் குறைக்கும். மற்ற விளக்குகளும் இக்னிஷனும் அதே கனெக்டரைத்தான் நம்பியிருக்கின்றன. ஃபைபர் கிளாஸ் வண்டியில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்று விளக்க வேண்டியதில்லை.

கியர் செல்ஃபும் ஹெடரும்

நான்கு அளவுகளும் சரியாக இருந்து, ரிலே போட்டும் தொல்லை நீடித்தால் அப்போது கியர் ரிடக்ஷன் செல்ஃப் (மோட்டாரின் வேகத்தைப் பற்சக்கரத்தால் குறைத்து விசையைக் கூட்டும் வகை) வாங்கலாம். உருவம் சிறியது, அதனால் ஹெடருக்கும் அதற்கும் இடைவெளி கிடைக்கும், குறைந்த கரண்டில் அதிக விசையும் தரும். வாங்குமுன் உங்கள் ஃபிளைவீலில் 153 பற்களா 168 பற்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் போல்ட் துளைகள் அமையும் விதமே வேறு. உங்கள் 1972இல் இன்னும் பழைய பாயின்ட் இக்னிஷன்தான் (எலக்ட்ரானிக் அல்லாதது) இருக்கிறது என்றால் சாலினாய்டின் ‘ஆர்’ முனையில் ஒரு மஞ்சள் ஒயர் இருக்கும். செல்ஃப் சுற்றும்போது காயிலுக்கு முழு வோல்ட் கொடுப்பது அதுதான். சில புது வகை செல்ஃப்களில் ‘ஆர்’ முனை கிடையாது. அதைக் கவனிக்காமல் மாட்டினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்கச் சிரமப்படலாம்.

எந்த செல்ஃப் மாட்டினாலும் பல் இடைவெளியைக் காதால் சோதியுங்கள். சுற்றும்போதே கீச்சென்று கத்தினால் பற்கள் தள்ளி நிற்கின்றன. எஞ்சின் பிடித்து சாவியை விடும்போது கத்தினால் நெருங்கி நிற்கின்றன, செல்ஃபைக் கொஞ்சம் தள்ளிவைக்க ஷிம் என்ற மெல்லிய தகடு தேவை.

ஹெடரைக் கழற்ற வேண்டியதில்லை. உங்கள் மாநிலத்தில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு இருப்பதால் அந்த வகையிலும் கவலை வேண்டாம். சாலினாய்டுக்கும் குழாய்க்கும் நடுவே, இரண்டிலும் படாமல், ஒரு தகடு மறைப்பு வையுங்கள். நடுவில் நிற்கும் காற்றுதான் உண்மையான தடுப்பு. குழாய் முழுக்கத் துணிப்பட்டை சுற்றுவதை நான் ஊக்குவிப்பதில்லை, அது ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்லிய குழாயைத் துரு தின்ன விடும். செலவு செய்ய மனமிருந்தால் செராமிக் பூச்சு நல்லது.

சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும்

இரண்டையும் வண்டியிலிருந்து எடுத்து வீட்டில் வையுங்கள். பெட்ரோல் பங்கில், சூடான ஹெடருக்குப் பக்கத்தில், ஸ்க்ரூ டிரைவரால் முனைகளைச் சேர்த்துப் பொறி பறக்கவிடுவது கைதேர்ந்தவர்களே செய்யக் கூடாத வேலை. அப்படி எடுக்கும்போது நியூட்ரல் சுவிட்ச் குறுக்கே நிற்காது. கியர் விழுந்திருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும். சுத்தியலால் தட்டுவது பழைய செல்ஃபில் சில நேரம் பலிக்கும், நிரந்தரக் காந்த செல்ஃபில் காந்தமே உடையும். தள்ளி எடுக்கலாம் என்றும் நம்பியிருக்க வேண்டாம், உங்கள் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் அது நடக்காது. வழியில் நின்றால் பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். வெப்பம் சீக்கிரம் வெளியேறும்.

இரண்டு செல்ஃபுக்குக் கொடுத்த பணம்

பழுதுபார்த்து விற்கும் செல்ஃபுக்குக் கடைக்காரர் தரும் ‘ஆயுள் உத்தரவாதம்’ பெரும்பாலும் பொருளுக்குத்தான், கழற்றி மாட்டும் கூலிக்கு அல்ல. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டியது பட்டறையின் கடமை. உங்கள் சம்மதம் இல்லாமல் அதற்கு மேல் வாங்கக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பெறலாம், ஆனால் வேலை கொடுக்கும்போதே கேட்க வேண்டும். புதியதற்கு மாற்றாகப் பட்டறை விற்றவரிடம் திருப்பித் தர வேண்டிய பாகமாக இருந்தால் பார்க்கவாவது உரிமை உண்டு. இதில் தகராறு வந்தால் மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புத் துறையில் புகார் கொடுக்கலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் அவர்கள் விற்ற செல்ஃப் கெட்டது என்று நிரூபிப்பது கடினம், ஏனென்றால் பெரும்பாலும் அது கெடவில்லை. கடையோடு சண்டை போடுவதைவிட, அடுத்த பட்டறைக்குப் போகும்போது “செல்ஃப் மாற்றுங்கள்” என்று சொல்லாமல், “சூடாக இருக்கும்போது ‘எஸ்’ முனையில் வோல்ட் இழப்பு எவ்வளவு என்று அளந்து எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அளக்க மறுப்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

விற்பது உங்கள் விருப்பம். விற்பதாக இருந்தாலும் முதலில் ரிலேயைப் போட்டுவிட்டு, இந்தக் குறை இருந்ததையும் சரிசெய்த விதத்தையும் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்த வார இறுதியில் எர்த் பட்டையிலிருந்து தொடங்குங்கள். நான்கு அளவுகளையும், சாவியைத் திருப்பியபோது கேட்டது மெல்லிய ‘டிக்’கா கனத்த ‘டொக்’கா என்பதையும் எழுதி அனுப்பினால் அடுத்து எதைத் தொடுவது என்று சொல்கிறேன்.